குகைக்குள் முன்னால் போனவள்

விசு,

'அன்புள்ள' என்று எழுதித்தான் தொடங்கினேன். பிறகு அடித்துவிட்டேன். அன்பு எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இன்றைக்கு அது முதல் வார்த்தையாக வர மாட்டேன் என்கிறது. நேற்றுக் காலையில் நீ போன் பண்ணினாயே, அப்போது நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். "அம்மா, நம்ம விளையாட்டுப் பலகையை நல்லா சுத்தி கூரியர்ல போட்டு விட்டுரும்மா. அடுத்த மாசம் கேமை வெளியிடுதோம்லா, அந்த ஃபங்ஷன்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும்னு கம்பெனியில கேக்காங்க" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் அப்போதுதான் வைத்திருந்தேன், பொங்க நேரம் இருந்தது. அதற்கு மேல் உன்னோடு பேசினால் என் வாயில் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

போனில் திட்டாமல் எதற்குத் தாளும் பேனாவும் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. குடும்பக் குரூப்பில் போட்டால் உன் அக்காவின் போன் அதை அவளுக்கு வாசித்துச் சொல்லிவிடும். உனக்குத் தனியாக அனுப்பலாம் என்றால் எனக்குத் தமிழில் டைப் அடிக்க வராது, வாயால் சொன்னால்தான் என் போன் எழுதும். இந்த வீட்டில் வாயால் சொன்னால் அவள் காதில் விழாமல் இருக்காது. என் கையெழுத்து ஒன்றுதான் அவளுக்கு எட்டாத இடம். அங்கே ஒளிந்துகொண்டுதான் உன்னோடு சண்டை போடுகிறேன். இது பெருமைப்படுகிற காரியம் இல்லை என்று எனக்கே தெரியும். அக்கா கோமதிக்குக் கண் தெரியாது என்பதை உனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்தப் பலகை எதற்காகப் பிறந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது ஐந்து வயது, அவளுக்கு ஒன்பது. சுரண்டையில் உரக்கடையில் வேலை பார்த்த உன் அப்பா ஏதோ ஒரு வேலையாக மதுரைக்குப் போய்விட்டு, பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளிநாட்டு விளையாட்டு. பலகை முழுக்கக் காடும் கோட்டையும், வாய் பிளந்து நிற்கிற டிராகனும், வாள் பிடித்த சின்னச் சின்ன ஆட்களும், பொடி எழுத்தில் இங்கிலீஷ் சீட்டுகளும். ஆனி மாதம், சாரல் விட்டபாடில்லை, பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். அப்பா சீட்டை வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நீ உன் ஆளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினாய். கோமதிக்கு அந்தச் சமயம் வெளிச்சம் எது, நிழல் எது என்கிற அளவுக்குத்தான் பார்வை மிஞ்சியிருந்தது. அவள் பலகையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை தடவிப் பார்த்தாள். "எல்லா இடமும் ஒண்ணுபோல வழவழன்னுல்லா இருக்கு. டிராகன் எங்கன நிக்கிப்பா?" என்று கேட்டாள். உன் அப்பா அவள் விரலைப் பிடித்து டிராகன் மேல் வைக்கவில்லை. வைத்து என்ன பயன், அங்கே காகிதம்தானே இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு பிளைவுட் பலகையோடு வந்தார். அந்த விளையாட்டை அப்படியே பிரித்துப் போட்டு நம் ஊருக்கு மாற்றினார். தென்காசிக் கோபுர வாசலில் புறப்பட்டு, இலஞ்சி வயலைத் தாண்டி, ஐந்தருவி, புலியருவி, செண்பகாதேவி என்று ஏறி, தேனருவியில் பூதம் காவல் காக்கிற தேன்குடத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டும். சிற்றாறு முழுக்கச் சணல் கயிறு. பாறைகளுக்குப் புளியங்கொட்டை. வயலுக்கு உமி. அருவிகளுக்குத் தேங்காய் நார். கோயில் படிகளுக்குத் தீக்குச்சி. மரத்தில் தாயக்கட்டை செதுக்கி, கோணி ஊசியைச் சுட வைத்து விரல் நுனி இறங்குகிற ஆழத்துக்குப் புள்ளி போட்டார். பிறகு கோமதி பாளையங்கோட்டைக்குப் போய், விரலால் தடவி வாசிக்கிற புள்ளி எழுத்துப் படித்து வந்ததும், அவள் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் கற்றுக்கொண்டு சீட்டு முழுவதும் குத்தினேன். 'குரங்கு உன் தேங்காயைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, ஒரு ஆட்டம் சும்மா இரு' என்று ஒரு சீட்டு உண்டு. அது வரும்போதெல்லாம் நீ அழுவாய். அவள் சிரிப்பாள்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். போன வாரம் குரூப்பில் போட்டாய். ஒரு பெண் மைக்கை நீட்டிக் கேட்கிறாள், நீ பதில் சொல்கிறாய். சட்டை நன்றாக இருந்தது, பேச்சும் நன்றாக இருந்தது, நம் ஊர்ப் பேச்சைத்தான் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாய். "எங்க வீட்டுல கலர் பெயிண்ட் வாங்குற அளவுக்குக்கூட வசதி இல்லைங்க. அதனால அப்பா சணலும் புளியங்கொட்டையும் வச்சே ஒரு உலகத்தைப் படைச்சாரு" என்கிறாய். அந்தப் பெண் நெஞ்சில் கையை வைக்கிறாள். கீழே கும்பிட்ட கைகளும் கண்ணீர் முகங்களுமாக வரிசை போகிறது. விசு, அந்த வருஷம்தான் முன்கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தோம். மீதி டப்பா பரணில் கிடந்து காய்ந்து கட்டியாகிப்போனது. நாம் வசதியான வீடு இல்லை என்பது உண்மை. ஆனால் உன் அப்பா கலர் கிடைக்காமல் சணலை ஒட்டவில்லை. தன் மகளின் விரலுக்கு ஆறு தெரிய வேண்டும் என்று ஒட்டினார். அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அது. அதை நீ வறுமை என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டாய். வீடியோ ஓடும்போது கோமதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "தம்பி நல்லா பேசுதாம்மா" என்று சொல்லிவிட்டு, மறுநாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய சேலையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

உன்மேல் வந்த கோபம் அன்று சாயங்காலத்துக்குள் என்மேல் திரும்பிவிட்டது. ஏனென்றால் அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். பலகை செய்து முடித்த புதிதில் உன் பெரிய அத்தை வந்திருந்தாள். "என்னத்துக்கு இப்படிச் சணலும் கொட்டையுமா ஒட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நான் கொஞ்சம்கூடத் தயங்காமல், "கலர் வாங்கக் காசு எங்கன இருக்கு மைனி" என்றேன். அத்தை போனதும் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது அக்காவுக்காகல்லா? ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டாய். ஐந்து வயதில் உனக்கு உண்மை தெரிந்திருந்தது. நான்தான் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். "வெளிய யாருகிட்டயும் சொல்லக் கூடாது என்ன? நாளைக்கு அக்காவுக்குக் கல்யாணம் காட்சின்னு வரணும்லா." எத்தனை நாளைக்கு மறைத்தேன்? இரண்டு வருஷம்கூட இல்லை. ஊருக்கே தெரிந்தது, அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், இன்றைக்குச் சுரண்டைப் பஸ்ஸில் தனியாக ஏறிப் போய் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறாள். மறைக்க ஒன்றுமே இல்லாமல் போன பிறகும் அந்தப் பொய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. நீ பதினைந்து வயதில் சிநேகிதப் பையன்களுக்குப் பலகையைக் காட்டி அதையே சொன்னாய். சமையல்கட்டில் நின்று கேட்டேன். திருத்தவில்லை.

சரி, நீ செய்த விளையாட்டு. வெளியிடுவதற்கு முன்னால் நீங்களெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள் என்று லிங்க் அனுப்பினாய். நான் என் போனில் இறக்கினேன், கோமதி அவள் போனில் இறக்கினாள். குறை சொல்வதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தருவியைப் பார்த்ததும் என் உடம்பு சிலிர்த்தது. மழைச் சத்தம் நம் வீட்டு ஓட்டில் விழுகிற சத்தமாகவே இருந்தது. குரங்கு தேங்காயைப் பிடுங்குகிற இடத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மூன்று வருஷம் உழைத்திருக்கிறாய், அது தெரிகிறது. பூதத்தின் தொப்பையைக்கூட அப்பா இருந்தபோது சொல்லுகிற மாதிரியே வைத்திருக்கிறாய்.

ஆனால் கோமதியின் போன் உன் விளையாட்டின் பெயரை ஒரு தடவை சொன்னது. அதோடு வாயை மூடிக்கொண்டது. அவள் போன் எப்பேர்ப்பட்டது என்று உனக்குத் தெரியும். பஸ் நேரம் சொல்லும், பாங்கி மெசேஜ் சொல்லும், பிள்ளைகள் அனுப்புகிற கேள்வியை வாசிக்கும், நான் குரூப்பில் தப்பாகப் போட்ட படத்தைக்கூட 'ஒரு ஆள், ஒரு மாடு' என்று சொல்லிவிடும். அவள் விரலால் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். அணைத்துவிட்டுத் திறந்தாள். அழித்துவிட்டு மறுபடியும் இறக்கினாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்து, "எல்லாப் படத்துக்கும் உள்ளுக்குள்ள பேரு எழுதி வைக்கணும்மா. எழுதி வைக்கலன்னா போன் பாவம் என்னத்தைச் சொல்லும்?" என்றாள். அவளுக்குக் கோபம் போன் மேலும் இல்லை, உன் மேலும் இல்லை. "தம்பிகிட்டச் சொல்லாத. வேலை முடியுத நேரத்துல அவனைப் போட்டுக் கொழப்பாத" என்றாள். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பலகையைப் போனுக்குக் கொண்டுபோனதற்காக நான் கோபப்படுகிறேன் என்று நினைத்துத் தப்பித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பழையதே பிடிக்கும் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிக்காதே. பழைய பலகை என்றால், மதுரையிலிருந்து வந்த அந்த வழவழப்பான பலகைதான் பழையது. அதை மாற்றியவர் உன் அப்பா. டிராகனைப் பூதமாக்கினார், கோட்டையை அருவியாக்கினார், ஒருவர்கூட அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் மாற்றுகிறபோது அவர் ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு மாற்றினார். ஓரமாக உட்கார்ந்திருந்த பிள்ளையை ஆட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். நீ மூன்று வருஷம் உட்கார்ந்து மாற்றியதில் அதே பிள்ளை மறுபடியும் ஓரத்துக்குப் போய்விட்டாள். எத்தனையோ பேரிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொன்னோம் என்கிறாய். அத்தனை பேரில் அவள் ஒருத்தி உனக்கு ஞாபகத்துக்கு வரவில்லையா? அவள் விரலுக்காகச் செய்த விளையாட்டைப் போன் கண்ணாடி மேல் போட்டுவிட்டு, அது அவளுக்கு எட்டுமா என்று ஒரு நாள், ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையா? பேசத் தெரிந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேச விடாமல் செய்தது யாருடைய வறுமை?

அவள் சும்மா விட்டுவிடத் தயாராக இருந்தாள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "வா, நான் பாத்துச் சொல்லுதேன், நீ விளையாடு" என்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். மடியில் அப்பாவின் பலகையை வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் பலகையில் விரலை வைத்து அந்த இடத்துக்குப் போவாள். வலது பக்கம் போ, பாறைக்குப் பின்னால் ஒளி, இப்போது தாயக்கட்டையைப் போடு என்று அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இலஞ்சியைத் தாண்டினோம். ஐந்தருவி, புலியருவி எல்லாம் தாண்டினோம். குரங்கு வந்தபோது இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் குகை வந்தது.

அந்தக் குகை எப்படி வந்தது என்பதை உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதும் நான்தான். உனக்கு ஆறு வயது. ஆடி மாதம் அத்தை வீட்டுக்காரர்களோடு ஒரு வேன் பிடித்துக் குற்றாலத்துக்குப் போனோம். பெரிய அருவியில் பெண்கள் பக்கம் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் நின்றேன். திடீரென்று தண்ணீர் நிறம் மாறியது, வெள்ளம் வருகிறது என்று சங்கு ஊதிவிட்டார்கள், போலீஸ்காரர்கள் விசில் அடித்து எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். அந்த நெரிசலில் உன் கை என் கையிலிருந்து வழுக்கிவிட்டது. கோமதியை ஓரத்துக் கம்பியைப் பிடிக்க வைத்து, "கம்பியை விட்ராதட்டி" என்று சொல்லிவிட்டு நான் உன்னைத் தேடி ஓடினேன். தண்ணீர் தூசியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் இருந்து என்ன செய்தேன், பேயாக நாலு பக்கமும் கத்தினேன். கோமதி கத்தவில்லை. கேட்டாள். அத்தனை இரைச்சலில் உன் அழுகையைப் பிரித்துக் கேட்டு, கம்பியைத் தடவிக்கொண்டே படி இறங்கி உன் பக்கம் வந்து, உன் கையைப் பிடித்தாள். "எம் பின்னால வாலே" என்று சொல்லி, வந்த வழியை எண்ணி, செருப்பு விட்ட இடம்வரை உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வந்து பார்க்கும்போது அவள் முன்னால் நிற்கிறாள், நீ அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறாய்.

அத்தை ஓடி வந்து, "கண்ணு தெரியாத பிள்ளைய இங்கன எதுக்குக் கூட்டிட்டு வந்த?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளை, சின்னவன் அக்காவைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டான்" என்றேன். அவ்வளவுதான். உன்னைத் தூக்கினார்கள், முத்தம் கொடுத்தார்கள், உனக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். கோமதி பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றாள். பத்து வயதுப் பிள்ளை, ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆண்பிள்ளை காப்பாற்றினான் என்றால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், என்னைத் திட்ட மாட்டார்கள் என்று என் புத்தி அந்த ஒரு நொடியில் எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்தக் கதையைச் சொன்னார்கள். நீயும் கேட்டு வளர்ந்தாய். ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும், கேட்டது எல்லாம் நடந்ததாகிவிட்டது.

கோமதியிடம் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட உன் அப்பா என்னோடு சண்டை போடவில்லை. அவர் குகை செய்தார். அந்த வாரமே பலகையில் செண்பகாதேவிக்கு மேலே உளியால் ஒரு பள்ளம் வெட்டி, உள்ளே வளைந்து வளைந்து வழி செதுக்கி, ஒரு சட்டம் போட்டார். குகைக்குள் நுழைந்தால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், விரலால்தான் வழி பார்க்க வேண்டும், கோமதி முன்னால் போக வேண்டும். அவள் 'எம் பின்னால வாலே' என்று சொன்னால்தான் மற்றவர்கள் காயை நகர்த்தலாம். நீ எத்தனை நூறு தடவை அவள் பின்னால் அந்தக் குகையைத் தாண்டியிருப்பாய்! உன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், என் பொய்யைத் திருத்தி மரத்தில் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை உன் குகையைத் திறந்தேன். திரை இருட்டாகிறது. முப்பது வினாடி சோப்பு விளம்பரம் பார்த்தால் ஒரு தீப்பந்தம் தருகிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு இளவரசி. முகத்தில் பாதி கண்தான். "வீரனே, என்னைக் காப்பாற்று" என்று சத்தமில்லாத எழுத்தில் அழுகிறாள். முன்னால் போனவளை நீ கட்டிப்போட்டுவிட்டாய், விசு. அவளுக்குக் கண்ணைக் கொடுத்து, காலைப் பிடுங்கிவிட்டாய்.

நான் தட்டுவதை நிறுத்தியதும் கோமதி பலகையில் குகைப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு, "குகை வந்துட்டாம்மா?" என்று கேட்டாள். "வந்துட்டு" என்றேன். "நான் இருக்கேனா?" என்றாள். முப்பத்தொரு வயசு டீச்சர், பத்து வயசுக் குரலில் கேட்கிறாள். எனக்கு வேறு என்ன வரும்? பழகிய வாய். "இருக்கட்டி. நீதான் முன்னால போற" என்றேன். "என்ன சொல்லுதேன்?" "எம் பின்னால வாலேன்னு சொல்லுத." அவள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். பலகையைத் தட்டிக்கொண்டே, "பாத்தியா, பய மறக்கலை" என்றாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், தம்பி கேம்ல குகைக்கு நான்தான் வழிகாட்டி என்று.

எனக்கு இப்போது ராத்தூக்கம் இல்லை. உன் கம்பெனி அந்த விளையாட்டைப் பேச வைத்தால் முதல் நாளே அவள் இளவரசியின் அழுகையைக் கேட்பாள். பேச வைக்காமல் விட்டால் அவளுக்கு அது எப்போதும் மூடிய கதவு. அதனால் நீ இரண்டையும் செய்ய வேண்டும். படத்துக்கெல்லாம் பேர் எழுது. இளவரசியை அவிழ்த்து விடு, முன்னால் போக விடு. தள்ளிப்போனால் தள்ளிப்போகட்டும், உங்கள் ஃபங்ஷன் ஒரு மாதம் கழித்து நடந்தால் எந்த அருவியும் வற்றிவிடாது. உன்னைவிட மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லாதே. இளவரசியை வைக்கச் சொன்னதும் அவர்களா, நீயா? உன் அக்காவின் குகையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரிந்ததைத்தானே நீ கொடுத்திருப்பாய். அடுத்த பேட்டியில் சணல் எதற்கு ஒட்டினோம் என்று சொல். உன் வாயால் சொல்ல வராவிட்டால் எனக்கு மைக்கை நீட்டச் சொல், நான் சொல்கிறேன்.

இதுவரை எழுதியது நேற்று. மடித்து உறைக்குள் போட்டு, ஒட்டுவதற்குப் பசையை எடுக்கும்போது கை வரவில்லை. அவளுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நீ விளையாட்டில் செய்ததும் இதுதானே, நான் தாளில் செய்திருக்கிறேன். இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. காப்பி குடித்து முடித்ததும் அவளை உட்கார வைத்து, முதல் எழுத்திலிருந்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அத்தையிடம் சொன்னதையும், அருவிக்கரையில் சொன்னதையும், ஞாயிற்றுக்கிழமை சொன்னதையும்.

அவள் அழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை, அந்த ஆறுதலைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, இன்றைக்குப் பார்த்தேன். "அருவியில நான்தான் அவனைக் கூட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும். நீங்கல்லாம் மாத்திச் சொன்னதுக்காக அது மாறிருமா? ஆனா ஞாயித்துக்கிழமை நீ சொன்னதை நம்பிட்டேம்மா. ஸ்கூல்ல போய்ச் சொல்லிட்டேன்" என்றாள். அதோடு விடாமல், "நீயும் அவனும் சேந்து என்னை இன்னும் எத்தனை தடவைதான் காப்பாத்துவீங்க?" என்று கேட்டாள். பதிலை யோசித்து வைத்துக்கொள், உன்னிடமும் கேட்பாள்.

பிறகு எழுந்து போய்ப் பலகையை எடுத்தாள். அதை ஒரு தடவை துடைத்தாள். செண்பகாதேவிக்கு மேலே பள்ளத்துக்குள் விரலை விட்டு, ஒரு வளைவு விடாமல் கடைசிவரை போய் வெளியே வந்தாள். தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் கைப்பையில் இருக்கிறது. பலகை வேண்டுமென்றால் இனிமேல் என்னைக் கேட்காதே. அவள் நம்பர் உன் போனில் இருக்கிறது.

அம்மா